செல்லுபடியாகும் நகம்

உலகில் உடையாத பொருள் என்று ஒன்று இல்லை. ஆனால் எந்தப் பொருளும் எங்களுக்குத் தெரியாமல் உடைந்துவிட முடியாது. பொருட்களின் நம்பகத்தன்மையை முன்கணிக்கும் நிலையத்தின் வாசலில், கருங்கல்லில், ஆள் உயரத்துக்கு இப்படி வெட்டி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே கயிற்றில் ஒரு அட்டை தொங்கியது: 'முன்கதவின் பிடி கையோடு வந்துவிட்டபடியால் ஆய்வில் உள்ளது. பின்பக்கமாக வரவும்.' அட்டை நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, எட்டு வருடம் ஆகியிருந்தது.

ஃபிட்டர் இரண்டையும் ஒழுங்காகப் படித்தார். தோளில் கிடந்த சாக்கை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். சாக்குக்குள் இருந்தது ஒரு கிரேன் கொக்கி. பதினெட்டு கிலோ. பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தன.

அவர் ஒரு காகித ஆலையில் கிரேன்களைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் கொக்கி ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஐந்து டன் காகித உருளையைத் தூக்கும். கீழே நின்று, இறங்கி வரும் உருளையை இரண்டு கையாலும் தள்ளித் திருப்பி, இடத்தில் உட்கார வைப்பவர் ஃபிட்டரின் தங்கை புருஷன். வருடாந்திரப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்தார்கள். புதன்கிழமை கொக்கியைக் கழற்றித் துடைத்தபோது, வளைவின் உட்புறத்தில் ஓரிடத்தில் ஃபிட்டரின் கட்டைவிரல் நகம் சிக்கியது. எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடி சிக்கியது. தலைமுடி அகலத்தில் ஒரு கோடு, சுண்டுவிரல் நீளத்துக்கு.

ஆலை மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. கொக்கியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு விதிப்புத்தகத்தைப் பார்த்தார். புதுக் கொக்கி வர வேண்டுமானால், பழையது தகுதியற்றது என்று நிலையம் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இதே கொக்கி மேலே ஏறும்.

"எனக்கும் கண்ணு இருக்குய்யா," என்றார் மேலாளர். "ஆனா கண்ணுக்கு லெட்டர்ஹெட் இல்லையே."

ஆகவே ஃபிட்டருக்கு வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் இருந்தது. ஒரு வரி வேண்டும். அவ்வளவுதான்.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் ஏழு பக்கப் படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி, பொருள் உடைந்த தேதி. இன்னும் உடையவில்லை என்றார் ஃபிட்டர். அப்படியானால் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதட்டுமா என்று கேட்டார் அம்மாள். நல்ல நிலையிலும் இல்லை என்றார் ஃபிட்டர். அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவரை ஒரு மாதிரி இரக்கத்துடன் பார்த்தார்.

விஷயம் இதுதான். நிலையத்தில் பிரிவுகள் இரண்டு. திரும்பத் திரும்பப் பாரம் தாங்கி உலோகம் உள்ளுக்குள் சோர்ந்துபோவது வரை இடப்பக்கம் இருக்கும் சோர்வுப் பிரிவின் ஆட்சி. பொருள் இரண்டாகப் போன நிமிடத்திலிருந்து வலப்பக்கம் இருக்கும் முறிவுப் பிரிவின் ஆட்சி. நடுவில் விரிசல் என்று ஒரு கட்டம் உண்டு என்பது நிலையத்தைத் தொடங்கியபோது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது, இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில், நடைவழியில், ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார்கள்.

பெஞ்சின் மேல் ஏற்கனவே ஒரு ஏணியின் கால், ஒரு கொதிகலன் மூடி, ஒரு ராட்டினத்தின் அச்சு ஆகியவை இருந்தன. அச்சின் மேல் விரல்கனத்துக்குத் தூசி. அதைக் கொண்டுவந்தவர் எங்கே என்று ஃபிட்டர் கேட்டார். ரொம்ப நாளாக வரவில்லை என்றார் அம்மாள். ஃபிட்டர் கொக்கியை அச்சுக்குப் பக்கத்தில் வைத்து, கூப்பிட்டபோது அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

முறிவுப் பிரிவின் தலைவர் கலகலப்பானவர். அறை முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். உள்ளே உடைந்த சாமான்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. கொக்கியின் கோட்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. அருமையாக வளர்ந்து வருகிறது என்றார். ஃபிட்டரின் தோளில் கை போட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

"உடைஞ்சதும் ரெண்டு துண்டையும் பத்திரமா எடுத்துக்கிட்டு வாங்க. ஏன் உடைஞ்சது, எங்க ஆரம்பிச்சது, கடைசியா எந்த நாள்ல எந்த நிமிஷம் போச்சு, எல்லாம் புட்டுப் புட்டு வச்சிடுவோம். முப்பது வருஷத்துல ஒரு கேஸ்கூட நாங்க தப்பா சொன்னது கிடையாது. உடையறதுக்கு முன்னாடியே வர்ற ஆளுங்களாலதான் எங்களுக்குத் தொல்லை."

சோர்வுப் பிரிவின் தலைவர் அதற்கு நேர் எதிர். கொக்கியை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தால் கணக்கில் பாரபட்சம் வந்துவிடுமாம். உலோகத்தின் வகை, பருமன், ஒரு நாளைக்கு எத்தனை தூக்கு என்று மட்டும் கேட்டுத் தட்டெழுதினார். இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. நாற்பத்தோரு வருடம், மூன்று மாதம்.

"சார், விரிசல் இருக்கே."

"எங்க கணக்குல விரிசல் கிடையாது. விரிசல் விடுறவரைக்கும் எவ்வளவு நாள்னு சொல்றதுதான் எங்க வேலை. இது விரிசல் விட இன்னும் நாப்பத்தோரு வருஷம் இருக்கு."

"விட்டாச்சு சார்." ஃபிட்டர் கட்டைவிரல் நகத்தை வளைவில் ஓட்டிக் காட்டினார். டிக் என்று சிக்கியது. அந்தச் சத்தம் அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

தலைவர் முதன்முறையாக நிமிர்ந்தார். கொக்கியை அல்ல, நகத்தைப் பார்த்தார். "இந்தக் கருவிக்கு அளவுத்திருத்தச் சான்று இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு கருவி சரியாகத்தான் அளக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துவதற்கு நிலையத்தில் தனி அறை உண்டு. அந்த அறைக்கான ஆள் ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிவிட்டதால், வரவேற்பு அம்மாளே ஒரு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு அங்கே வந்தார். மேசையில் இருந்தபோது அவர் ஃபிட்டரை 'வாங்க' என்றார். அங்கிக்குள் வந்ததும் முன்பின் பார்த்திராதவர் போலப் பெயர், முகவரி எல்லாம் மறுபடி கேட்டார். நகத்தின் நீளம், கனம், வளைவு எல்லாவற்றையும் அளந்தார். முடி அகலத்தில் கோடு கீறிய ஐந்து தகடுகளும் கோடே இல்லாத ஐந்து தகடுகளும் கலந்து வைத்து, ஃபிட்டரின் கண்ணைக் கட்டி, ஓட்டச் சொன்னார். பத்துக்குப் பத்து.

"இந்த ரூம்ல இருக்குற மெஷினுக்கு ஏழுதான் வரும்," என்றார் அம்மாள், அங்கியின் பொத்தானைக் கழற்றியபடி, ரகசியமாக.

பிறகு விரலில் ஒரு வில்லையை ஒட்டினார். 'கருவி எண் 417. சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை செல்லும்.' சாதாரணமாகக் கருவிகளுக்கு ஒரு வருடம் தருவார்களாம். இது வளரும் கருவி என்பதால் மூன்று நாள். அதுவரை வெட்டக் கூடாது, கடிக்கக் கூடாது, வெந்நீரில் விடக் கூடாது. பயன்படுத்தாத நேரத்தில் கருவியை உறையில் வைக்க வேண்டும் என்பது விதி. துணியில் தைத்த ஒரு சின்ன உறையை விரலில் மாட்டி, ஃபிட்டரிடம் ஒப்புகை வாங்கிக்கொண்டார்.

மாலையில் அவர் வீடு திரும்பியபோது தங்கை வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மாடியிலும் தங்கை குடும்பம் கீழேயும் இருந்தார்கள். உறையைக் கழற்றிய விரலைத் தங்கை பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, ஸ்டாம்ப் ஒட்டிட்டு வந்திருக்க? உன்னைத் தபால்ல அனுப்பிட்டாங்களா?"

உள்ளேயிருந்து அவள் புருஷன் வந்து எட்டிப் பார்த்தார். முதுகைத் திருப்பிக் காட்டி, மச்சான் கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க, முத்திரை குத்தின நகத்தால சொறிஞ்சா எப்படி இருக்கும்னு பாக்கலாம் என்றார். ஃபிட்டருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நாற்பத்தோரு வருடம் மூன்று மாதத்தைச் சொன்னார். அட பரவாயில்லையே, கொக்கி என்னைவிட லேட்டாத்தான் ரிட்டையர் ஆகும்போல என்றார் மாப்பிள்ளை.

தங்கை மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கையிலிருந்த சட்டை மாப்பிள்ளையின் வேலைச் சட்டை. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கொக்கிக்கு எத்தனை வருஷம்னு சொல்லிட்டாங்க. சரி. அதுக்குக் கீழ நிக்கிறவருக்கு எத்தனைன்னு கேட்டியா?"

ஃபிட்டர் கேட்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை கேட்கப் போனார்.

இயக்குநரைப் பார்ப்பதற்கு அவர் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். விரிசல் பார்ப்பதற்கு ஒரு பெஞ்சு இருப்பதில் அப்போது அவருக்கு ஒரு நியாயம் தெரிந்தது. உட்காராமல் அத்தனை நேரம் யாரால் நிற்க முடியும்.

இயக்குநர் நல்ல உயரம். பேசும்போது இரண்டு கையையும் கோத்து மேசையில் வைத்துக்கொள்வார். விரிசலை அவர் மறுக்கவில்லை. கருவி எண் 417-இன் சான்றைக்கூட மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். முடி அகலக் கோட்டைக்கூட இந்த நகம் தவறாமல் கண்டுபிடிக்கும் என்று அதில் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. ஆனால் ஒரு நகம் சொன்னதற்காக ஒரு நிலையம் எழுதியதை மாற்ற முடியுமா என்பது அவர் கேள்வி.

"நீங்க ஒரு கொக்கியைப் பாக்கறீங்க. நாங்க எல்லாக் கொக்கியையும் பாக்கறோம். எங்க நம்பகத்தன்மை எவ்வளவு தெரியுமா? தொண்ணூத்து ஒம்பது புள்ளி ஒம்பது. ஆயிரத்துல ஒண்ணுதான் சொன்ன தேதிக்கு முன்னாடி போகும்."

"இது அந்த ஒண்ணா இருந்தா சார்?"

இயக்குநர் புன்னகைத்தார். இந்தக் கேள்விக்காக நெடுநாள் காத்திருந்தவர் போல இருந்தது அந்தப் புன்னகை. "இருந்தா இன்னும் நல்லது. மத்த தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து ஒம்பதும் உடையாதுன்னு ஆயிடும் பாருங்க. எங்க கணக்கு அப்பதான் முழுசா நிரூபணம் ஆகுது."

"கீழ ஆள் நிப்பாங்க சார்."

"அது பாதுகாப்புத் துறை. பக்கத்துக் கட்டடம்."

ஃபிட்டரின் முகம் தொங்கிப்போனதை இயக்குநர் கவனித்தார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. எழுந்து, வாருங்கள், இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே நம்பிக்கை வரும் என்று கூட்டிக்கொண்டு போனார்.

கூடத்தின் நடுவில் ஒரு மேடை. மேடையைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்குள் சாம்பல் நிற உறை போர்த்திய ஒரு இயந்திரம் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. நிலையத்தில் அதை 'மூத்தவர்' என்பார்கள். கடந்து போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உறைக்குள் ஒரு எஃகுத் தண்டு, பாரம் கட்டி வளைந்த நிலையில், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் வளைகிறது. பத்தொன்பது வருடமாக. மின்சாரம் போன நேரம் தவிர ஒரு நாளும் நின்றதில்லை. சுவரில் இருந்த எண்காட்டியில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாளை மாலை ஆயிரமாவது கோடிச் சுற்று. அதற்கு விழா.

"உள்ள இருக்குற தண்டு உடைஞ்சா பாரம் கீழ விழும். பாரம் விழுந்தா சுவிட்ச் அமுங்கி மெஷின் நின்னுடும். மெஷின் நின்னுச்சா? நிக்கல. அப்ப தண்டு உடையல. இதுல எங்கயாவது ஓட்டை இருக்கா?" என்றார் இயக்குநர். "இந்த ஒரு தண்டை வச்சுத்தான் மத்த எல்லாக் கணிப்பும். இளைஞனா இருந்தப்ப என் கையால ஆரம்பிச்சு வச்சது. சீல் வச்சதும் நானே. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இன்னைக்கு வரைக்கும் திறந்ததில்ல."

ஃபிட்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இருபத்தாறு வருடமாகக் கிரேன் மோட்டார்களைக் காதால் பார்ப்பவர் அவர். பாரம் தூக்கும் மோட்டாருக்கு ஒரு முனகல் உண்டு. இதில் அது இல்லை.

"சார், இது லோடுல ஓடல. சும்மா ஓடுது."

இயக்குநருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அதான் எங்க எஃகோட பெருமை. சுமக்கிறதே தெரியாது," என்றார்.

கடிதத்தைப் பற்றி விழா முடிந்ததும் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலிகள், பூச்செண்டு, தேநீர், பிஸ்கட். வரவேற்பு அம்மாள் இன்று ஒலிபெருக்கிக்காரராகவும் இருந்தார். ஃபிட்டர் கொக்கியைச் சாக்கில் கட்டி, போகும் வழியில் எடுத்துக்கொள்ள வசதியாகப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் உறைபோட்ட விரலோடு உட்கார்ந்தார். வெறுங்கையோடு திரும்பினால் திங்கட்கிழமை ஏழு மணிக்கு அதை மேலே ஏற்றப்போவது அவர் கைதான். அது அவர் வேலை.

சோர்வுப் பிரிவுத் தலைவர் பேசினார். முறிவுப் பிரிவுத் தலைவர், மூத்தவர் உடையாதது தம் பிரிவுக்கு இழப்பு என்றாலும் பெருமனதோடு வாழ்த்துவதாகச் சொன்னார். இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். மக்கள் பாலத்தில் நடக்கிறார்கள், மின்தூக்கியில் ஏறுகிறார்கள், விமானத்தில் பறக்கிறார்கள், எந்தத் தைரியத்தில்? நம்மைத் தெரியாத தைரியத்தில் என்றார். கைதட்டல் எழுந்தது. அவர் சொல்ல வந்தது நிலையம் விளம்பரம் தேடாமல் உழைக்கிறது என்பதைத்தான்.

கடைசியாகத் தலைமை விருந்தினர். தர ஆணையத்தின் ஆணையர், முழங்கால் வலிக்காரர், பேச்சில் ஆர்வமில்லாதவர். ஒலிபெருக்கியைத் தள்ளிவைத்துவிட்டு இயந்திரத்தைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நூறு கோடிக்கும் என்னைக் கூப்பிடறீங்க. ஒரு தடவைகூட உள்ள இருக்கறதைப் பாத்ததில்ல. ஆயிரம் கோடி சுத்தியும் உடையலன்னா, மூடியைத் திறந்தா உடைஞ்சிடப்போகுதா? பாத்துடலாம்."

இயக்குநர் ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு அவர் முகம் பிரகாசமானது. ஏனென்றால் அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஆனால் ஒரு சிக்கல். கோப்பின்படி உறை நானூறு கிலோ. கூடத்தின் கூரையில் சங்கிலித் தூக்கி உண்டு, ஆனால் அதன் கொக்கி போன வருடம் உடைந்து முறிவுப் பிரிவின் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. கட்டடத்தில் வேறு கொக்கி இல்லை.

"இருக்கே," என்றார் சோர்வுப் பிரிவுத் தலைவர். "பெஞ்சுல. நாப்பத்தோரு வருஷம் உத்தரவாதம் உள்ளது."

எல்லோரும் திரும்பி ஃபிட்டரைப் பார்த்தார்கள். இயக்குநர் பூரித்துப்போனார். நம் கணிப்பை நாமே நம்பிக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா என்றார். சாக்கு வந்தது. ஃபிட்டருக்குக் கொக்கியைச் சங்கிலியில் மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தொழில் அது. உறையின் நான்கு வளையங்களிலும் கம்பிவடம் கோத்தார். இயக்குநர் முன்வந்து, தாமே வைத்த ஈய முத்திரைகளைத் தாமே வெட்டினார். ஃபிட்டர் தூக்கும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இழுக்கவில்லை.

"சார், ஆள் ஒருத்தர் வேணும். மேல ஏறுறப்ப ஆடும். கொக்கிக்குக் கீழ நின்னு ரெண்டு கையாலயும் புடிச்சு நேராக்கணும். எங்க ஆலைல என் மாப்பிள்ளை நிப்பார், நாளைக்கு இருநூறு தடவை. அங்க அஞ்சு டன். இங்க நானூறு கிலோதான்."

முன்வரிசை நாற்காலிகள் ஓரடி பின்னால் நகர்ந்தன.

சோர்வுப் பிரிவுத் தலைவர், தம் பிரிவின் பொறுப்பு விரிசல் வரைதான் என்பதைப் பக்கத்தில் இருந்தவருக்கு நினைவூட்டினார். முறிவுப் பிரிவுத் தலைவர் நாற்காலியிலிருந்து எழாமலே, உடைஞ்சதும் நான் வரேன் என்றார்.

ஆணையர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறி, கொக்கிக்கு நேர்கீழே போய் நின்றார். உறையில் இரண்டு கையையும் வைத்தார். பிறகு, அந்த இடத்தில் நிற்கும் எல்லோரும் செய்வதைப் போல, மேலே பார்த்தார். கோடு அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. கீழே இருந்து பார்த்தால் அது இன்னும் நீளம்.

"ஆயிரத்துல ஒண்ணுதான்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"ஆமா சார்," என்றார் ஃபிட்டர். "இது எத்தனாவதுன்னுதான் தெரியல. இழுக்கட்டுமா?"

இயக்குநர் கையை எடுத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் மூளை வேலை செய்வது கடைசி வரிசைக்கே தெரிந்தது. பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, சற்று உரக்கவே கேட்டார்.

"அந்தக் கருவி நானூத்துப் பதினேழு. அது செல்லுபடியில இருக்கா?"

"அஞ்சு மணி வரைக்கும் சார்."

மணி நாலு முப்பத்தைந்து.

நிலையம் எப்போதும் அளவீட்டுக்குக் கட்டுப்பட்டது என்றார் இயக்குநர், கூட்டத்தைப் பார்த்து. அளவுத்திருத்தம் பெற்ற கருவி ஒன்று செல்லுபடியாகும் காலத்துக்குள் ஒரு விரிசலைக் காட்டுமானால், அதை மதிக்காமல் பாரம் தூக்குவது அறிவியலுக்கே அவமரியாதை. ஃபிட்டர் ஏணியில் ஏறி, விரலின் உறையைக் கழற்றி, நகத்தை ஓட்டினார். டிக். வரவேற்பு அம்மாள் அவசரமாக அங்கியை மாட்டிக்கொண்டு அளவீட்டைப் பதிவு செய்தார். இயக்குநர் அங்கேயே, பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு, நிலையத்தின் தலைப்புத்தாளில் தம் கைப்பட எழுதினார்: 'கருவி எண் 417-இன் அளவீட்டின்படி இக்கொக்கி பயன்பாட்டுக்குத் தகுதியற்றது.' பெரிய, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சுழி. கீழே கையெழுத்து.

ஃபிட்டர் அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அந்தக் கடிதம் திங்கட்கிழமை ஆறரை மணிக்கே மேலாளரின் மேசைக்குப் போய்விட்டது. புதுக் கொக்கி வரும்வரை கிரேன் நின்றது. மாப்பிள்ளை ஒன்பது நாள் வீட்டிலேயே இருந்து தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதெல்லாம் பிறகு.

சனிக்கிழமை அத்துடன் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் ஃபிட்டர். கம்பிவடத்தை அவிழ்க்க உறையருகே போனவர், வழக்கப்படி அதை முட்டியால் தட்டிப் பார்த்தார். தகரம். கோப்பில் இருந்தது நிலையம் வாங்க நினைத்த உறை, வாங்கியது இது. அவர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். வந்துவிட்டது. பதினைந்து கிலோ இருக்கலாம். கொக்கியைவிட லேசு.

அந்த நேரம் பார்த்து எண்காட்டியில் ஆயிரமாவது கோடி விழுந்தது. ஏற்கனவே சொல்லி வைத்திருந்தபடி பின்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் யாரும் தட்டவில்லை. மோட்டாரின் பிடி மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறப் பிடி, வாயைத் திறந்தபடி, அசையாமல் நின்றது. நடுவில் எதுவும் இல்லை. பாரத்துக்கான எடைகள் அடித்தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். ஆணையர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறி வந்து, அதைப் பிரித்துக் காட்டச் சொன்னார். ஃபிட்டர் பிரித்தார். உள்ளே எஃகுத் தண்டு, எண்ணெய் பூசி, கீறல் இல்லாமல், புத்தம் புதிதாக இருந்தது.

தண்டோடு ஒரு சீட்டைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். அதில் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. பெரிய, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, வரி முடிவில் ஒரு சுழி. ஆணையர் கேட்டுக்கொண்டதால் ஃபிட்டர் அதை வாசித்தார்.

'சாப்பிட்டு வந்ததும் பொருத்த வேண்டும்.'